பியூஸ் பின்சீட்டில் இருப்பவரிடம்

போன மாதம் கடைக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற ஒருவன் பழைய வேலையிடத்துக்குப் போவதற்கு இரண்டு காரணங்கள்தான் உண்டு. ஒன்று தேநீர் குடிப்பது, மற்றது ஆலோசனை சொல்வது. முதலாவது கிடைத்தது. இரண்டாவதை யாரும் கேட்கவில்லை.

உள்ளே மேடையில் ஒரு நெடுந்தூர மோட்டார் சைக்கிள் நின்றது. தர்ஷினி அதற்குப் புது ஸ்பீக்கரும் அம்பிளிபயரும் பூட்டி முடித்திருந்தாள். இப்போது அந்தக் கடையை நடத்துகிறவள் அவள்தான். பற்றரிக்குப் பதிலாகக் கடைக் கரண்டில் அதைப் பாடவிட்டு, கையிலிருந்த போனை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தாள். போன் கேட்டது, தானே கணக்குப் போட்டது, தானே சத்தத்தைத் திருத்தியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதே வேலைக்கு நான் இரண்டு நாள் காதைக் கொடுப்பேன். இருபத்தாறு வருடம் அப்படிக் கொடுத்ததன் பலனாக என் இடது காதில் ஒரு சில்வண்டு நிரந்தர வதிவிட உரிமை பெற்றுக் குடியிருக்கிறது.

"அங்கிள், ஒரு ஹெல்ப்," என்றாள். "புதுசா வேலைக்கு வந்திருக்கிற ரெண்டு பேரும் கேக்கினம், பியூஸை ஏன் கஸ்டமரின்ர வைஃபிட்டக் குடுக்கிறம் எண்டு. ஐ டோன்ட் நோ. மரியநாயகம் அங்கிளிட்டக் கேட்டன், கணேஸிட்டக் கேள் எண்டு போனை வைச்சிட்டார். நீங்கள் எழுதித் தாங்கோவன். ஒட்டி வைக்கிறன்."

எழுதுகிறேன். இதில் நான் வீரனாக வருவேன் என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு வயது ஐம்பத்தாறு. என் முதுகுக்கு எழுபதுக்கு மேல். ஓய்வு பெற்றது முதுகுதான், நான் அதற்குத் துணையாக வீட்டுக்கு வந்தவன். ஊரில் படித்தது கொஞ்சம். இங்கே கனடாவுக்கு வந்து கோப்பை கழுவினேன், பீட்சா கொண்டுபோனேன், பிறகு ஸ்காபரோவில் வாகனங்களுக்கு ஸ்பீக்கர் பூட்டும் மரியநாயகம் அண்ணையின் கடையில் நிலம் கூட்டப் போனேன். கூட்டியபடியே பார்த்தேன், பார்த்ததைச் செய்தேன், செய்ததைப் பழுதாக்கினேன், பழுதாக்கியதைத் திருத்தினேன். என் பல்கலைக்கழகப் படிப்பு அவ்வளவுதான்.

காரில் பாட்டுப் போடுவது ஒரு வேலையே அல்ல. நாலு கண்ணாடியை மூடினால் பாட்டு உள்ளே கிடக்கும். மோட்டார் சைக்கிளில் அப்படி இல்லை. முன்னால் காற்று, கீழே என்ஜின், காதின்மேல் ஹெல்மெட். இந்த மூன்றையும் தாண்டி ஒரு பாட்டு ஒரு மனிதனிடம் போய்ச் சேரவேண்டும். கொம்பனி போட்டு அனுப்பும் ஸ்பீக்கர் சிக்னலில் நிற்கும்போது அருமையாகப் பாடும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது பாடுகிறதா, வாயை மட்டும் அசைக்கிறதா என்று தெரியாது. அதனால் ஸ்பீக்கரை மாற்றி, அதைத் தள்ளுவதற்கு ஒரு அம்பிளிபயரையும் பூட்டுவோம். அந்த அம்பிளிபயர் கைபிடிக்கு முன்னால் காற்றுத் தடுக்கும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். அதற்குக் கரண்ட் கொடுக்கும் பற்றரியோ பின்னால் சீட்டுக்கு அடியில். இரண்டையும் இணைக்கும் தடித்த சிவப்பு வயர், பெற்றோல் டாங்குக்குக் கீழால் போகிறது. திரும்ப ஒருமுறை வாசியுங்கள். பெற்றோல் டாங்குக்குக் கீழால்.

அந்த வயருக்கு ஒரேயொரு காவல்காரன்தான். பற்றரிக்குப் பக்கத்தில் இருக்கும் பியூஸ். முப்பது அம்பியர். வயரில் எங்காவது பிழை நடந்தால் பியூஸ் தான் எரிந்து, மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். தியாகி.

மரியநாயகம் அண்ணை மன்னார்க்காரர். சத்தம் போட்டு ஏசி நான் கேட்டதில்லை. ஏசினால் பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு மெதுவாகப் பேசுவார். வேலை தொடங்கும்போதே அந்த முப்பது அம்பியர் பியூஸை எடுத்துத் தன் சேர்ட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொள்வார். பூட்டியவன் வேலை முடிந்ததும் அவர் முன்னால் போய் நின்று வயர் போன வழியை ஒப்புவிக்கவேண்டும். முதல் நற்கருணைக்குச் செபம் ஒப்புவிக்கும் பிள்ளை மாதிரி.

"பற்றரி மைனஸ் கழட்டியிருக்கு. சிவப்பு வயர் இடப்பக்கம் சட்டத்தோட போகுது. ரெண்டு இடத்தில கூர் விளிம்பு. ரெண்டிலயும் ரப்பர் போட்டிருக்கு. ஹாண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பாத்தன், வயர் நெரிபடேல்ல. கிரவுண்ட் நேராப் பற்றரிக்கு."

"எத்தினை இடத்தில கட்டியிருக்கு?"

"பதினொண்டு."

"எண்ணிப்போட்டுச் சொல்லுறியோ, சொல்லிப்போட்டு எண்ணப்போறியோ?"

நான் போய் எண்ணிவிட்டு வருவேன். பத்து இருக்கும். பதினோராவதைக் கட்டிய பிறகுதான் பியூஸ் பொக்கற்றை விட்டு வெளியே வரும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. கூட்டுக்குள் எதுவும் தொங்கக்கூடாது. ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் மாமியார் கண்ணூறு படாமல் இருக்க எலுமிச்சம்பழத்தைக் கம்பியில் கோர்த்து உள்ளே கட்டிவிட்டிருந்தார். அண்ணை அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "கரண்டுக்குப் பக்கத்தில ஊறுகாய் போடேலாது அன்ரி. சில்லுக்குக் கீழ வையுங்கோ. ஏத்தி நசிச்சிட்டுப் போகட்டும்." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். என்ன ஒரு பகுத்தறிவு என்று நான் வியந்தேன். கடைசி நாலு ஸ்குரூவையும் எப்போதும் அவர்தான் பூட்டுவார், பக்கத்தில் யாரையும் விடமாட்டார். அதையும் தொழில் பக்தி என்றே நினைத்தேன்.

இனி ஜெயத்தின் கதை.

ஜெயம் பிக்கரிங்கில் இருந்தான். நகர பஸ் ஓட்டுநர். நாளெல்லாம் நாற்பது பேரை ஏற்றி இறக்குகிறவனுக்குத் தன் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ஒரே ஒருத்தியை ஏற்ற ஒன்பது வருடம் முடியவில்லை. அந்த ஒருத்தி அவன் மனைவி சாந்தி. கடைசியில் ஒரு கோடையில் அவள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்.

"இவர் முன்னால இருந்து பாட்டுக் கேப்பார், நான் பின்னால இருந்து இவற்ற முதுகைப் பாக்கிறதோ?" என்று கடையில் வந்து நேரிலேயே கேட்டாள். "எனக்கு என்ர சீட்டில பாட்டுக் கேக்கவேணும். கேட்டா ஏறுவன்."

கிங்ஸ்டன் வரை போய் வருவதாகத் திட்டம். சனிக்கிழமை காலையில் புறப்பாடு. ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல் பயணம். நான் முன்னால் இரண்டு ஸ்பீக்கரும், பின்பக்கப் பெட்டி மூடிகளில் இரண்டுமாகப் பூட்டினேன். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. மற்றதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அண்ணை உள்ளே எல்லாம் பார்த்தார். கூட்டை மூடினார். கடைசி நாலு ஸ்குரூவையும் பூட்டினார். ஒப்புவிப்பது மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு மரணச் செய்தி வந்தது. ரெக்ஸ்டேலில் இருந்த உறவினர் ஒருவர். "வந்து கேக்கிறன், தொடாதை," என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனார். அவர் போனார், சேர்ட்டும் போனது, பொக்கற்றும் போனது, பியூஸும் போனது.

நாலு மணிக்கு ஜெயமும் சாந்தியும் வந்து நின்றார்கள். சாந்தி புது ஹெல்மெட் ஒன்றைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்திருந்தாள். அண்ணைக்கு அழைத்தேன். செத்தவீட்டில் எந்த மனிதன் போனைத் திறந்து வைத்திருப்பான்?

"அண்ணை வந்தாத்தான் தரலாம்," என்றேன்.

சாந்தி ஜெயத்தைப் பார்த்தாள். "நான் சொன்னனான் தானே, உது சரிவராது எண்டு." குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. ஜெயத்தின் முகம் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனின் முகமாகப் போய்விட்டது. அந்த முகத்தை அவன்தான் மற்றவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பவன்.

நான் இளகிய மனம் படைத்தவன். மற்றவர்களின் உயிர் விஷயத்தில் குறிப்பாக.

மேசை லாச்சியைத் திறந்தேன். முப்பது அம்பியர் பியூஸ் ஒன்றுகூட இல்லை. எண்பது ஒன்று கிடந்தது. எண்பது முப்பதைவிடப் பெரியது, பெரியதென்றால் பலம், பலமென்றால் நல்லது என்று ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போட்டேன். முப்பதில் எரியவேண்டிய காவல்காரனை அனுப்பிவிட்டு, எண்பது வரை நித்திரை கொள்ளுகிற ஒருவனை வாசலில் வைக்கிறேன் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வந்த பிறகு மாற்றிவிடலாம் என்றும் தெரியும். போட்டேன். பாட்டு வந்தது. சாந்தி பின்சீட்டில் ஏறி இருந்து கேட்டாள். "ம்," என்றாள். அந்த ஒரு "ம்"முக்காக ஜெயம் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கடைப் போன் அடித்தது.

"கணேஸ் அண்ணை," என்றான் ஜெயம். பின்னால் லொறிகள் போகும் இரைச்சல். "உங்கட பாட்டுப்பெட்டி புகையுது."

என் பதற்றம் எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டும். சிலர் பதறினால் ஓடுவார்கள், சிலர் உறைவார்கள். நான் ஒழுங்குபடுத்துவேன். போனை வைத்துவிட்டு ஸ்குரூடிரைவர்களை அளவு வாரியாக அடுக்கத் தொடங்கினேன். மூன்றாவதை வைக்கும்போது அண்ணை வந்து பின்னால் நின்றார்.

"ஆர் போனில?"

"ஜெயம். பொமன்வில் தாண்டி நிக்கிறாங்கள். ஏதோ சின்னப் புகையாம்."

"ஆக்களுக்கு?"

"ஒண்டுமில்லையாம்."

வானுக்குப் பின்னால் டிரெய்லரைக் கொழுவிக்கொண்டு நெடுஞ்சாலையில் கிழக்கே போனோம். வழியெல்லாம் நான்தான் பேசினேன். பற்றரி பிழையாக இருக்கலாம் என்றேன். இந்தக் காலத்துப் பிளாஸ்டிக் சரியில்லை என்றேன். ஜெயம் பஸ் ஓட்டுவது போல ஓட்டியிருப்பான் என்றேன். உள்ளுக்குள்ளே, தூரத்து அல்பர்ட்டாவில் எனக்கு ஒரு மச்சான் இருப்பதும், அங்கே கோழித் தொழிற்சாலையில் ஆள் எடுப்பதும் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. கோழி வெட்டும் மெஷினுக்கு எத்தனை அம்பியர் பியூஸ் என்றுகூட யோசித்தேன்.

அண்ணை வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஓஷவா தாண்டியதும் வலக்கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். பொக்கற்றுக்குள் விட்டார். முப்பது அம்பியர் பியூஸை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் டாஷ்போர்டில் வைத்தார்.

"இது இஞ்ச இருக்கு," என்றார் மெதுவாக. "அப்ப அங்க இருக்கிறது என்ன?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி வீதிப் பலகைகளை எண்ணத் தொடங்கினேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது. கூட்டின் ஓரம் கறுத்து, பிளாஸ்டிக் ஓரிடத்தில் வழிந்திருந்தது. ஜெயம் புல்லில் குந்தியிருந்தான். சாந்தி நின்றுகொண்டிருந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"எனக்குத்தான் முதல்ல மணத்தது," என்றாள். "கருகல் மணக்குது எண்டு சொன்னன். முன்னால போற லொறியப்பா எண்டார். லொறி திரும்பிப் போட்டுது, மணம் போகேல்ல. பிறகு இவற்ற ஹெல்மெட்டில கையால குத்தினன். அஞ்சு குத்து. அஞ்சாவதிலதான் நிப்பாட்டினவர்."

"நாலு," என்றான் ஜெயம்.

"நீங்கள் கதையாதேங்கோ."

ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தோம். இனி நடந்ததைத்தான் புதிதாக வந்தவர்கள் கவனமாக வாசிக்கவேண்டும். குற்றவாளிகள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு இது நல்ல பாடம்.

கடைக்குள் வந்ததும் நான் முந்திக்கொண்டு சீட்டைக் கழற்றினேன். எண்பதைப் பிடுங்கினேன். அது எரியவில்லை. வயர் வெந்து, பிளாஸ்டிக் உருகி, ஒரு குடும்பமே நடுவழியில் இறங்கி நின்ற பிறகும் அந்தப் பியூஸ் பளிச்சென்று முழுதாக இருந்தது. கையை மூடி மெல்லக் காற்சட்டைப் பொக்கற்றை நோக்கிக் கொண்டுபோனேன்.

அதே நேரம் முன்பக்கத்திலிருந்து அண்ணையின் குரல் கேட்டது. "கணேஸ், நீ போய்த் தேத்தண்ணி போடு. ஜெயத்தையும் கூட்டிக்கொண்டு போ. கூட்டை நான் தனியத் திறக்கிறன்."

இருபது வருடத்தில் அவர் என்னைத் தேநீர் போடச் சொன்னதே இல்லை. என் தேநீரை அவர் குடித்திருக்கிறார், அதனால்.

"நான் ஒரு இடமும் போகேல்ல," என்றாள் சாந்தி. மேடையிலிருந்த டோர்ச்சை எடுத்து மோட்டார் சைக்கிளின் மேல் அடித்தாள். முதலில் அண்ணையின் கையில். பிறகு என் கையில். "நீங்கள் என்ன, உதை ஒளிக்கிறியளோ? விரியுங்கோ கையை."

விரித்தேன். அண்ணை நாலு ஸ்குரூவையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவ்வளவு நிதானமாக அவர் எதையும் கழற்றி நான் பார்த்ததில்லை. கூடு பிரிந்தது. அம்பிளிபயரில் சிவப்பு வயர் வந்து பூட்டும் இடத்தில், ஒரு மெல்லிய எவர்சில்வர் சங்கிலி உருகி ஒட்டிக்கொண்டு கிடந்தது. சங்கிலியின் மறுமுனை மேலே இரும்புச் சட்டத்தில் ஒரு கொழுக்கியில். நடுவில், கருகிய ஒரு மாதா பதக்கம்.

தொங்கிக்கொண்டிருந்த சங்கிலி வேகத்தில் ஆடி ஆடிக் கடைசியில் கரண்ட் இருக்கும் இடத்தில் போய்த் தொட்டிருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள மூன்று நொடி போதும். எனக்குள் ஒரு மகிழ்ச்சி துள்ளியது. மறைக்காமல் சொல்லுகிறேன், அது ஒரு கேடுகெட்ட மகிழ்ச்சி. நானில்லை. நெருப்பு வைத்தது நானில்லை.

"உது ஆற்ற?" என்று கேட்டாள் சாந்தி.

ஜெயமும் சாந்தியும் முருகன் கோயில் ஆட்கள். நானும் அப்படித்தான். கடையில் கத்தோலிக்கர் ஒரே ஒருவர். கேள்வியைக் கேட்காமலே விட்டிருக்கலாம்.

"என்ர," என்றார் அண்ணை. "எல்லா மோட்டார் சைக்கிளிலயும் ஒண்டு போடுறனான். ஒருத்தரும் விழக்கூடாதெண்டு நேர்த்தி. மற்றதுகளில அம்பிளிபயர் வேற பக்கம். இதில இடத்தைப் பாக்காமல் கொழுவிப்போட்டன்." பதக்கத்தைக் கழற்றி மேடையில் வைத்தார். "பிழை என்ர."

எலுமிச்சம்பழ அன்ரி அந்த நேரம் அங்கே இல்லாமல் போனது வரலாற்று இழப்பு.

அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். வேலை தப்பியிருக்கும், அல்பர்ட்டாக் கோழிகளும் தப்பியிருக்கும். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். டாஷ்போர்டிலிருந்து எடுத்து வந்த முப்பதைப் பதக்கத்துக்குப் பக்கத்தில் மேடையில் வைத்துவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எண்பதை அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சங்கிலி அண்ணையின்ர," என்றேன். "ஆனா முப்பது போட்டிருந்தா, சங்கிலி பட்ட உடனை பியூஸ் எரிஞ்சு பாட்டு நிண்டிருக்கும். அவ்வளவுதான். புகை வந்தது என்னால. அண்ணை தொடாதை எண்டவர். நான் தொட்டனான்."

ஜெயம் டாங்கைப் பார்த்தான். அதற்குக் கீழால் வயர் போகிறது என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். முகம் வெளுத்தது. சாந்தி டோர்ச்சை அணைத்தாள்.

"விளங்கிச்சுது," என்றாள். "உங்கட மாதா பத்த வைக்கப் பாத்தவ. இவற்ற பியூஸ் பாத்துக்கொண்டு இருந்தது. இந்த மனுசன் லொறி எண்டு சொன்னவர். என்ர மூக்குத்தான் காப்பாத்தினது."

மூன்று ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

"இனி ஏறமாட்டாய் என்ன," என்றான் ஜெயம் மெதுவாக. ஒன்பது வருடம் அந்தக் குரலில் இருந்தது.

அவள் மேடையிலிருந்த முப்பதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து உள்ளே போட்டாள்.

"முழுக்கக் கழட்டிப் புதுசாப் பூட்டுங்கோ. பூட்டிப்போட்டு எனக்குச் சொல்லுங்கோ, வயர் எங்கால போகுது, எங்க கட்டினது, எல்லாம். எனக்கு விளங்கினாத்தான் இது வெளியில வரும். பொக்கற்றோட செத்தவீட்டுக்குப் போற ஆக்களை நம்பேலாது."

அப்படித்தான் அடுத்த வெள்ளிக்கிழமை மரியநாயகம் அண்ணையும் நானும் தோளோடு தோள் நின்று சாந்திக்கு ஒப்புவித்தோம். ஒரு வயரும் தெரியாத அவள், அண்ணை ஒருநாளும் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டாள். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும் என்று கேட்டாள். அண்ணை என்னைப் பார்த்தார், நான் அண்ணையைப் பார்த்தேன். போய் ஒரு ஓட்டையை இடம் மாற்றினோம். பதக்கத்துக்கும் ஓர் இடம் கேட்டாள். பின்பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறையில், ஆடாமல் கட்டி. "அவவும் வரட்டும். ஆனா கரண்டுக்குப் பக்கத்தில வேண்டாம்." பிறகுதான் கைப்பை திறந்தது. சனிக்கிழமை இருவரும் கிங்ஸ்டன் போனார்கள். திரும்பி வந்து பாட்டுச் சத்தம் போதாது என்று சாந்தி முறைப்பாடு செய்தாள். அண்ணைக்குக் கண் கலங்கியது.

திங்கட்கிழமை அவர் என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று காத்திருந்தேன். லாச்சியிலிருந்த எண்பது, அறுபது எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டார். தன் சேர்ட்டுப் பொக்கற்றை ஊசியால் தைத்து மூடினார். என் வேலை தப்பியது. அன்றிலிருந்து இந்தக் கடையில் பியூஸ் பின்சீட்டில் இருக்கப்போகிறவரிடம்தான். ஓட்டுகிறவனுக்கு ஆசை இருக்கும், பூட்டுகிறவனுக்கு அவசரம் இருக்கும். பின்னால் இருப்பவருக்கு இரண்டும் இல்லை, உயிர் மட்டும்தான். புதிதாக வந்த இருவருக்கும் இதுதான் பதில். தர்ஷினி, இந்தப் பந்தியை மட்டும் ஒட்டினாலும் போதும்.

மேடையில் நின்ற அந்த மோட்டார் சைக்கிள் யாருடையது என்று சொல்ல மறந்துவிட்டேன். என்னுடையதுதான். ஓய்வு பெற்றதும் முதுகுக்கு நல்லதென்று நானே எனக்கு மருந்து எழுதி வாங்கியது. தர்ஷினி போனை வைத்துவிட்டு, முறைப்படி, என்னோடு வந்திருந்த என் மனைவி லலிதாவின் முன்னால் வந்து நின்றாள். தமிழும் இங்கிலீஷுமாக வயர் போன வழியெல்லாம் ஒப்புவித்தாள். பதினோரு கட்டு. எண்ணிப் பார்த்தேன், பதினொன்றுதான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் தேநீரைக் குறை சொன்னேன்.

லலிதா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கைப்பையைத் திறந்தாள். பியூஸை விரல்களால் எடுத்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாம் சரி பிள்ளை. ஓட்டுறது ஆர்?"

"அங்கிள்தான்," என்றாள் தர்ஷினி.

கைப்பை மூடிக்கொண்டது. ஒரு மாதமாகிறது. இன்னும் திறக்கவில்லை.